கெட்ட ஷாட்டின் விலை

கோல்ஃபில் 18 குழிகள். ஒவ்வொரு குழியையும் இத்தனை ஷாட்டில் முடிக்கலாம் என்று ஓர் அளவு உண்டு; அதற்குப் பெயர் பார். பல மைதானங்களில் இதன் கூட்டுத்தொகை 72. எல்லாக் குழியிலும் பாரைவிட ஒரு ஷாட் கூடுதலாக, அதாவது போகி, எடுத்துக்கொண்டே போனாலும் ஆட்டம் 90இல் முடிந்துவிடும். அப்படி ஆடுகிறவர் ஒரு குழியில்கூடப் பார் எடுக்க வேண்டியதில்லை. இப்போது வார இறுதியில் மட்டும் ஆடும் ஒருவரின் ஸ்கோர் கார்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்கு குழியில் பார். நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி இரண்டு டிரைவ், அதாவது குழியின் தொடக்கத்தில் அடிக்கும் நெடுந்தூர ஷாட். கூட்டிப் பார்த்தால் 98. மீதி 14 குழிகளில் மட்டும் 26 ஷாட் கூடுதலாகப் போயிருக்கிறது. ஒரு குழியில் 8, இன்னொன்றில் 9 என்று இருக்கும்.

“கன்சிஸ்டென்சி வரமாட்டேன் என்கிறது” என்று அவர் அலுத்துக்கொள்வார். அடுத்த வாரம் பயிற்சித் திடலான ரேஞ்சுக்குப் போய், நன்றாக விழும் டிரைவை இன்னும் பத்து கெஜம் தள்ளிப் போட முயல்வார். கோளாறு அந்த நல்ல டிரைவில் இல்லையே! நான்கு பார் எடுக்கத் தெரிந்தவருக்கு ஆட்டம் தெரியும். 98 வாங்கிக் கொடுத்தவை அந்த 8உம் 9உம்தான். அமெச்சூர் ஆட்டக்காரருக்கு ஸ்கோர் இறங்க வேண்டுமானால் கெட்ட ஷாட்டின் விலை இறங்க வேண்டும். இதை வெறும் அறிவுரையாக இல்லாமல் எண்களாகவே காட்ட இன்று முடிகிறது.

ஷாட்டுக்கு ஷாட் கணக்கு

பிரிட்டிஷ் ஓப்பனை நான்கு முறை வென்ற தென்னாப்பிரிக்கர் பாபி லாக் சொன்னதாக ஒரு வாக்கு உண்டு: டிரைவர் கைதட்டலுக்கு, பட்டர் காசுக்கு. டிரைவ் அடிக்கும் கிளப் டிரைவர்; பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப் பட்டர். பல பத்தாண்டுகள் கோல்ஃப் உலகம் இந்த வாக்கை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டது. கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளியின் பேராசிரியர் மார்க் பிராடி இதைச் சோதித்துப் பார்த்தார். அமெரிக்காவின் பிஜிஏ டூர் போட்டிகளில் ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து புறப்பட்டது, எங்கே போய் நின்றது என்று லேசர் கருவிகளால் அளந்து சேமித்து வந்தார்கள். அந்தத் தரவை வைத்து, எந்த இடத்திலிருந்து குழிக்குள் போட சராசரியாக எத்தனை ஷாட் ஆகும் என்று அவர் பட்டியல் போட்டார்.

அந்தப் பட்டியலின்படி, 400 கெஜக் குழியில் தொடக்க இடமான டீயிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஆகும் சராசரி 3.99. டிரைவ் குட்டையாகப் புல் வெட்டிய ஃபேர்வேயில் விழுந்து 100 கெஜம் மிச்சமிருந்தால் 2.80. அதே 100 கெஜத்தில் நீள்புல் வளர்ந்த ரஃபில் கிடந்தால் 3.02. ஆக, ஃபேர்வேயில் விழுந்த டிரைவ் மீதி ஷாட் கணக்கை 1.19 குறைத்தது. அதற்குச் செலவானது ஒரு ஷாட். எனவே லாபம் 0.19. இதுதான் ‘ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்’ என்னும் முறை. பட்டிங்குக்கு 2011இல் பிஜிஏ டூர் இதை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. 2014இல் பிராடி முழு ஆய்வையும் நூலாக்கினார்.

அவர் கண்ட முடிவு பழைய வாக்கைத் தலைகீழாக்கியது. டூரின் முதல் 40 பேர் மற்றவர்களைவிடப் பெறும் லாபத்தில் பட்டிங்கின் பங்கு சுமார் 15 விழுக்காடு. குழி இருக்கும் கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்டுகளின் பங்கு 40, டிரைவிங்கின் பங்கு 28. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பாலேயே முடிவாகிவிடுகிறது. அமெச்சூர்களுக்கும் இதே நிலைதான்.

இதே பட்டியலில் இன்னொரு செய்தி இருக்கிறது. 100 கெஜத்தில் ரஃபில் விழுந்ததற்கான அபராதம் கால் ஷாட்டுக்கும் குறைவு. பந்து மரங்களுக்குள் போய், நேராக அடிக்க வழியில்லாமல் கிடந்தால் நஷ்டம் ஏறத்தாழ ஒரு ஷாட். மைதான எல்லைக்கு வெளியே போனாலோ, அடித்த ஷாட்டும் வீண், அபராதமும் ஒன்று என முழுதாக இரண்டு ஷாட் போய்விடும். எல்லாத் தவறும் ஒரே விலை இல்லை. ரஃபுக்கு அஞ்சி டிரைவரைப் பையிலேயே வைப்பதும் தவறு, எல்லைக்கோட்டை மறந்து டிரைவரைச் சுழற்றுவதும் தவறு.

அரை மில்லி விநாடி

மனிதக் கை ஒரே ஷாட்டை இருமுறை அடிப்பதில்லை. காரணம் எளிது. மேலே போன கிளப் திரும்பத் தொடங்கிக் கீழே இறங்கிப் பந்தைத் தொடும்வரை ஆகும் நேரம் ஏறக்குறைய கால் விநாடி. கண்ணால் ஒன்றைக் கண்டு உடல் மாறிச் செயல்படவே சுமார் 0.2 விநாடி தேவை. கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது அரை மில்லி விநாடிக்கும் குறைவு. அடி பட்ட உணர்வு கையிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரும்போது பந்து கிளம்பிப் போயிருக்கும். கீழே இறங்கும் ஸ்விங்கை நடுவழியில் நினைத்துத் திருத்தலாம் என்பது நடக்காத காரியம். திருத்த முடிந்தது எல்லாம் ஸ்விங் தொடங்குமுன் உள்ளவை: பிடி, பாதம் வைக்கும் திசை, பந்து கிடக்கும் இடம், குறி.

பந்து எந்தப் பக்கம் போகும் என்பதைப் பற்றியே ஒரு பழைய தவறு நெடுங்காலம் பயிற்சி நூல்களில் இருந்தது. கிளப் வீசப்படும் பாதையில் பந்து புறப்பட்டு, பிறகு கிளப்பின் முகம் காட்டும் திசைக்கு வளையும் என்று எழுதிவைத்தார்கள். 2003இல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் நிறுவனத்தின் டாப்ளர் ரேடார் போன்ற கருவிகள் பந்தின் பறப்பை நேரடியாக அளந்தபோது உண்மை பலருக்கும் உறைத்தது. பந்து புறப்படும் திசையில் பெரும்பங்கு, இரும்புத் தலைக் கிளப்பான அயர்னுக்கு முக்கால்வாசி, டிரைவருக்கு இன்னும் அதிகம், கிளப் முகத்தின் திசைதான். முகத்துக்கும் பாதைக்கும் இடையிலுள்ள கோணம் பந்தைச் சாய்ந்த அச்சில் சுழல வைக்கிறது. அந்தச் சுழல்தான் பந்தை வளைக்கிறது.

வலக்கை ஆட்டக்காரர்களை வாட்டும் ஸ்லைஸ், அதாவது பந்து வலப்பக்கமாக வளைந்து போவது, ஏன் திருத்தத் திருத்த மோசமாகிறது என்பது இதில் விளங்கிவிடும். பந்து வலப்பக்கம் போகிறதென்று அவர் இடப்பக்கம் திரும்பி நிற்கிறார். இதனால் கிளப் வரும் பாதை இன்னும் இடப்பக்கம் போகிறது. முகம் பழையபடியே இலக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான கோணம் கூடுகிறது, வளைவும் கூடுகிறது. மருந்தே நோயை வளர்க்கும் கதை. கிளப் முகத்தை முதலில் சரிசெய்யாமல் நிற்கும் திசையை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. முகத்தின் கோணத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது பிடி. அதனால்தான் நல்ல பயிற்சியாளர் ஸ்விங்கைப் பார்க்குமுன் கையைப் பார்க்கிறார்.

விதைப்பின் அகலம்

திசையில் ஒரு டிகிரி பிசகினால் 200 கெஜத்தில் மூன்றரை கெஜம் விலகும். ஆறு டிகிரி பிசகினால் 220 கெஜ டிரைவ் 23 கெஜம் ஒதுங்கும். இடத்திலும் வலத்திலும் அவ்வளவு என்றால் மொத்த அகலம் 46 கெஜம். சாதாரண ஃபேர்வேயின் அகலம் 30, 35 கெஜம்தான். தொழில்முறை ஆட்டக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. 150 கெஜத்துக்கு மேலிருந்து அவர்கள் ஃபேர்வேயில் நின்று அடித்தாலும் பந்து கொடிக்கம்பத்திலிருந்து சராசரியாக 25 அடிக்கு அப்பால்தான் நிற்கிறது. தொலைக்காட்சியில் கம்பத்தை ஒட்டி விழும் ஷாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டுவதால் நமக்கு அது தெரிவதில்லை.

நெல் விதைப்பவரைக் கேட்டால் ஒவ்வொரு மணியும் எங்கே விழும் என்று சொல்ல மாட்டார். ஒரு வீச்சு எவ்வளவு அகலத்துக்கு விழும் என்று சொல்வார். வரப்பைத் தாண்டாமல் விதைக்க அவருக்கு அது போதும். கோல்ஃப் ஆட்டக்காரருக்கும் தெரிய வேண்டியது அந்த அகலம்தான். குறி வைப்பது ஒரு புள்ளிக்கு என்றாலும், விழப்போவது ஒரு பரப்பு. அந்தப் பரப்பின் நடுவை எங்கே வைத்தால் தண்ணீரும் எல்லைக்கோடும் அதற்குள் வராது என்று பார்ப்பதே உத்தி. கிரீனின் வலது ஓரத்தில் கொடி, அதையொட்டிக் குளம் என்றால், கொடியைக் குறிவைத்து அடிக்கும் ஷாட்டுகளில் கணிசமானவை குளத்துக்குப் போகும். கிரீனின் நடுவுக்கோ சற்று இடப்பக்கமோ குறிவைத்தால், பிசகி வலப்பக்கம் போகும் ஷாட்கூடக் கொடியருகே விழ வாய்ப்புண்டு. ஸ்விங்கில் ஓர் இம்மிகூட மாற்றாமல் கிடைக்கும் லாபம் இது.

தூரத்திலும் இதே கதை. உங்கள் 7 அயர்ன் எவ்வளவு போகும் என்று கேட்டால், பெரும்பாலோர் வாழ்நாளில் அடித்த சிறந்த ஷாட்டின் தூரத்தைச் சொல்வார்கள். ஒருவர் 7 அயர்னால் பத்துப் பந்து அடிக்கிறார் என்று வையுங்கள். ஒன்று 150 கெஜம் போகிறது. ஏழு 135க்கும் 143க்கும் இடையில் விழுகின்றன. இரண்டு அடிபட்டது சரியில்லாமல் 120இலேயே நின்றுவிடுகின்றன. கொடி 150 கெஜத்தில் இருக்கும்போது அவர் 7 அயர்னை எடுத்தால் பத்தில் ஒன்பது முறை குறைவாகவே போகும். கிரீனுக்கு முன்னால்தான் பெரும்பாலும் பங்கர் எனும் மணற்குழிகளும் தண்ணீரும் இருக்கும். 6 அயர்னையோ 5 அயர்னையோ எடுப்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

தூரக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். சுமார் 2,200 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் 150 கெஜம் போகும் ஷாட் அங்கே 160ஐத் தாண்டக்கூடும். ஊட்டியில் அடித்த தூரத்தைச் சொந்த தூரமாக மனத்தில் குறித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தால் ஏமாற்றம்தான்.

மரத்தடியில் ஒரு முடிவு

8உம் 9உம் பிறக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். டிரைவ் மரங்களுக்குள் போய்விட்டது. கிரீனுக்கு இன்னும் 160 கெஜம். முன்னால் பத்து கெஜத்தில், அதாவது 30 அடியில், இரண்டு மரங்களுக்கு நடுவே நான்கடி இடைவெளி. அதன் வழியே கிரீன் தெரிகிறது. ‘போய்விடும்’ என்று மனம் சொல்கிறது.

போகுமா? இடைவெளியின் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் இரண்டடி. 30 அடிக்கு 2 அடி என்றால் ஏறத்தாழ 3.8 டிகிரி. திறந்த வெளியில், சமதரையில், டீயில் வைத்து அடிக்கும்போதே ஆறு டிகிரி பிசகுகிறவர், சருகுக்குள் கிடக்கும் பந்தை 3.8 டிகிரிக்குள் அனுப்ப வேண்டும். அதோடு தாழ்ந்த கிளையிலும் படக்கூடாது. காசைச் சுண்டிவிட்டுப் பார்ப்பது போன்ற வாய்ப்பு, அல்லது அதற்கும் கீழே. பட்டுத் தெறித்தால் பந்து இன்னும் உள்ளே போகும். மறுபடியும் அதே முடிவு, இந்த முறை கோபத்தோடு.

பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டி விட்டால் செலவு ஒரு ஷாட். அடுத்தது கிரீனுக்குப் பக்கத்தில், பிறகு ஒரு சிப், இரண்டு பட். பார் 4 குழியில் 6. டபுள் போகி கசக்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் கசப்பை விழுங்கத் தெரிந்தவரின் கார்டில் 8 வராது. தப்பித்து வெளியே வரும் ஷாட்டில் வீரம் காட்டக்கூடாது என்ற ஒரு விதியே பலருடைய ஸ்கோரில் மூன்று நான்கைக் கழித்துவிடும்.

பத்து அடிக்கு ஒரு டிகிரி

பட்டிங்கின் பங்கு சிறிது என்பதால் அதைக் கைவிட முடியாது. ஆனால் எதைப் பழக வேண்டும் என்பதை இயற்பியல் சொல்கிறது. குழியின் விட்டம் 4.25 அங்குலம். மெதுவாக வந்துசேரும் பந்தின் மையம் குழி விளிம்புக்குள் இருந்தால் போதும் என்று கொண்டால், 10 அடியிலிருந்து இருபுறமும் ஒரு டிகிரிதான் இடம். 3 அடியில் அது 3.4 டிகிரி, 20 அடியில் அரை டிகிரி. தொழில்முறை ஆட்டக்காரர்கள் 3 அடியிலிருந்து 96 விழுக்காடும், 8 அடியிலிருந்து 50 விழுக்காடும், 20 அடியிலிருந்து 15 விழுக்காடும் போடுகிறார்கள். எட்டடிப் பட் தவறினால் தலையில் கைவைப்பவர்கள் இந்த 50ஐ எழுதி வைத்துக்கொள்ளலாம்.

தூரப் பட்டில் திசையைவிட வேகம் பெரிய எதிரி. சமமான கிரீனில் பந்து உருளும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 40 அடிப் பட்டில் வேகம் 10 விழுக்காடு குறைந்தால் தூரம் 19 விழுக்காடு குறையும். பந்து ஏழரை அடி முன்னாலேயே நின்றுவிடும். அதே பட்டில் திசை 2 டிகிரி பிசகினால் விலகல் ஒன்றரை அடிக்கும் குறைவு. மூன்று பட் ஆவதற்கு வேகமே முதல் காரணம் என்பது இதிலிருந்து தெளிவு. வேகம் கூடினாலும் தொல்லை உண்டு: குழியின் நடுவை நோக்கி நேராக வரும் பந்துகூட விநாடிக்கு சுமார் 1.6 மீட்டருக்கு மேல் வேகமாக வந்தால் தாண்டிப் போய்விடும் என்று 1991இல் பிரையன் ஹோம்ஸ் என்ற இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் கிடைத்தால், 30, 40 அடியிலிருந்து குழியருகே நிறுத்திப் பழகுங்கள். மீதி நேரத்தில் மூன்றடி, நான்கடி.

ரேஞ்சில் பழகுவது எப்படி

ஒரு கூடைப் பந்து வாங்கி, ஒரே கிளப்பால், ஒரே இலக்குக்கு ஐம்பது அடித்தால் இருபதாவது பந்திலிருந்து எல்லாம் அழகாகப் போகும். மறுநாள் மைதானத்தில் அது எங்கே போயிற்றென்று தெரியாது. 1979இல் ஷே, மோர்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கை அசைவுகளைப் பழக்கிப் பார்த்த சோதனை இதை விளக்குகிறது. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். மாற்றி மாற்றிச் செய்தவர்கள் பயிற்சியில் தடுமாறினாலும், பின்னர் சோதித்தபோது முந்திவிட்டார்கள். மைதானத்தில் ஒரே ஷாட்டை இருமுறை அடிக்க யாரும் விடுவதில்லை. ரேஞ்சிலும் டிரைவர், அடுத்து 8 அயர்ன், அடுத்து வெட்ஜ் என்று மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் புது இலக்கு, புதிதாக நின்று குறிபார்த்தல்.

அயர்ன் பயிற்சிக்குப் பந்தே இல்லாத ஒரு சோதனை உண்டு. புல்லில் ஒரு கோடு போட்டு, பந்து அந்தக் கோட்டின் மேல் இருப்பதாக நினைத்துச் சுழற்றுங்கள். மண் பெயர்ந்த இடம் கோட்டுக்கு இலக்குப் பக்கமாகத் தொடங்கினால் சரி. கோட்டுக்குப் பின்னாலேயே தொடங்கினால், பந்துக்கு முன் தரையைத் தோண்டுகிறீர்கள். 120 கெஜத்தில் நின்ற அந்த இரண்டு பந்துகள் அங்கிருந்துதான் வந்தன.

எதை நினைத்துக்கொண்டு அடிப்பது என்பதிலும் ஆய்வு இருக்கிறது. காப்ரியேலா வுல்ஃப் குழுவினர் 1999இல் புதிதாகக் கோல்ஃப் பழகுபவர்களுக்குக் குறுகிய பிட்ச் ஷாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். கை எப்படி அசைகிறது என்று கவனித்தவர்களைவிட, கிளப் எப்படி அசைகிறது என்று கவனித்தவர்களுக்குக் குறி நன்றாக அமைந்தது. சியான் பெய்லாக் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் தங்கள் பட்டிங் அசைவைக் கூர்ந்து கவனித்தபோது மோசமாக ஆடினார்கள். வேறொரு வேலையில் கவனம் பகிரப்பட்டபோது அதைவிட நன்றாக ஆடினார்கள். முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு என்ற பட்டியலை ரேஞ்சிலேயே விட்டுவிட்டு, மைதானத்தில் இலக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போவதே நல்லது.

கடைசியாக, ஆட்டக்காரரின் திறனைக் குறிக்கும் ஹேண்டிகேப் என்ற எண்ணைப் பற்றி. 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை மட்டுமே சராசரி எடுக்கிறார்கள். அது உங்கள் வழக்கமான ஆட்டத்தின் அளவு அல்ல. நன்றாக ஆடும் நாளின் அளவு. அதைவிடச் சில ஷாட் கூடுதலாக ஆடும் நாள்தான் பெரும்பான்மை. இதை அறியாதவர் ஐந்தாவது குழியிலேயே ‘இன்று போச்சு’ என்று முடிவுகட்டி, இழந்ததை ஒரே ஷாட்டில் மீட்கப் பார்ப்பார். மரங்களுக்கு நடுவே நான்கடி இடைவெளி அப்போதுதான் அகலமாகத் தெரியும்.

அடுத்த ஐந்து ஆட்டங்களுக்கு ஸ்கோர் கார்டின் ஓரத்தில் இரண்டே எண்களைக் குறித்து வையுங்கள்: அபராதம் வாங்கிய ஷாட்டுகள் எத்தனை, டபுள் போகியோ அதற்கு மேலோ போன குழிகள் எத்தனை. பாரையும், பாரைவிட ஒரு ஷாட் குறைவான பேர்டியையும் எண்ண வேண்டாம். அந்த இரண்டு எண்களும் இறங்கினால், ஸ்விங் அப்படியே இருந்தாலும் ஸ்கோர் இறங்கும்.